பின்வரிசை பிறந்த கதை

2019இல் கொல்கத்தாவின் ஏடிகே அணியில் சேர்ந்தபோது மைக்கேல் சூசைராஜுக்குப் பழகிய இடம் முன்பக்கத்து இடது ஓரம். பந்தை வாங்கி, எதிரில் நிற்பவரை ஏய்த்து, கோல் முகப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதுவரை அவர் வேலை. ஏடிகேயின் ஸ்பானியப் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் அவரைப் பின்னால் இழுத்தார். மூன்று ஸ்டாப்பர்களுக்கு இடப்பக்கம், கோட்டை ஒட்டி நிறுத்தினார். பந்து நம்மிடம் இருந்தால் முன்வரிசையோடு சேர்ந்து ஓட வேண்டும். பறிபோன மறுநொடி திரும்பி ஓடிப் பின்வரிசையில் நிற்க வேண்டும். விங் பேக் என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் இடம் இது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், இரவிபுத்தன்துறையில் பிறந்த ஒருவர் தடுக்கிற ஆள் ஆனது இப்படித்தான்.

முன்னால் நிற்பவரைப் பின்னால் கூப்பிடுவது ஹபாஸ் கண்டுபிடித்த வித்தை இல்லை. கால்பந்தில் பின்வரிசை என்ற ஒன்றே அப்படிப் பிறந்ததுதான். கோல் போடப் போனவர்களை ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்து, ஒன்றரை நூற்றாண்டில் கட்டிய வரிசை அது.

முதல் சர்வதேச ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1872 நவம்பர் 30, கிளாஸ்கோ. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. இங்கிலாந்து தன் பதினொரு பேரில் எட்டுப் பேரை முன்னால் நிறுத்தியது. கோலிக்கு முன்னால் பேக் ஒருவர், நடுவில் ஹாஃப் ஒருவர், அவ்வளவுதான். அந்தக் காலத்து ஆட்டமே பந்து கிடைத்தவர் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டிப் போவது. மற்றவர்கள் கூட்டமாகப் பின்னால் ஓடுவது. தடுக்க நிற்பது ஒரு வேலையாகவே யாருக்கும் தோன்றவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் உடம்பில் சிறியவர்கள். மோதி ஜெயிக்க முடியாது என்று தெரிந்து ஆறு பேரை மட்டும் முன்னால் அனுப்பினார்கள்; ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து வாங்கி ஆடினார்கள். பேக் இரண்டு, ஹாஃப் இரண்டு. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. பலம் குறைந்தவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடுதான் பின்வரிசையின் முதல் அடி என்பது எனக்கு எப்போதும் முக்கியமாகப் படும்.

சில வருடங்களில் இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து ஃபார்வேர்டு என்ற அமைப்பு வந்தது; வெகுகாலம் உலகம் முழுக்க அதுவே நின்றது. அதை அசைத்தது ஒரு விதிமாற்றம். 1866 முதல் இருந்த ஆஃப்சைடு விதிப்படி, பந்தைப் பெறுபவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். இதைத் தடுக்கிறவர்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். இரண்டு பேக்குகளில் ஒருவர் நான்கடி முன்னேறினால் போதும், எதிரணி முன்வரிசை முழுக்க ஆஃப்சைடில் மாட்டும். தப்பினாலும் காக்க இன்னொரு பேக் பின்னால் இருக்கிறார். நியூகாசில் அணியின் பில் மெக்கிராக்கன் இதில் பேர்போனவர். நிமிடத்துக்கு ஒரு விசில், கோல் அருகிப்போயிற்று. 1925இல் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். முந்தைய சீசனில் இங்கிலாந்து லீக்கில் விழுந்த கோல்கள் 4,700. மாற்றத்துக்குப் பிந்தைய சீசனில் 6,373.

அந்த வெள்ளத்தில் அடிபட்ட அணிகளில் ஆர்சனலும் ஒன்று. 1925 அக்டோபர் 3 அன்று நியூகாசிலிடம் 7-0 என்று தோற்றது. அணியின் மூத்த ஆட்டக்காரர் சார்லி பக்கன் ஒரு யோசனையைப் பிடிவாதமாகச் சொன்னார்: நடு ஹாஃபைப் பின்னால் இழுத்து, இரண்டு பேக்குகளுக்கு நடுவில் மூன்றாவது ஆளாக நிறுத்த வேண்டும். மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் ஒப்புக்கொண்டார். இரண்டே நாள் கழித்து, ஜாக் பட்லர் அந்த இடத்தில் நிற்க, வெஸ்ட் ஹாமை 4-0 என்று ஆர்சனல் வென்றது. ஸ்டாப்பர் என்று இன்றைக்கு நம் ஊர்ப் பிள்ளைகளும் சொல்கிற இடம் அப்படி நிலைபெற்றது. அதுவரை நடு ஹாஃப்தான் அணியின் மூளை, ஆட்டத்தை நடத்துகிறவர். அவரைக் காவலுக்கு அனுப்பியபோது எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள்! அடுத்த பத்து வருடங்களில் இங்கிலாந்தில் பலரும் அதையே செய்தார்கள்.

இந்தியாவுக்குக் கால்பந்து பட்டாளம், துறைமுகம், மிஷன் பள்ளி ஆகிய மூன்று வழியாகவும் வந்தது. இதில் மூன்றாவது வழி நம் குமரி மாவட்டத்துக்கு நெருக்கமானது. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து லண்டன் மிஷன் இங்கே பள்ளி கட்டியது. நாகர்கோவிலின் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி அதன் வழியில் வந்தது. அதே லண்டன் மிஷன் கல்கத்தாவின் பவானிப்பூரிலும் ஒரு கல்லூரி நடத்தியது. அங்கே ஆசிரியராக இருந்தவர் சுதீர் சட்டர்ஜி. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளத்தை 2-1 என்று வென்று ஐஎஃப்ஏ ஷீல்டைக் கைப்பற்றியதே, அந்த அணியின் இடது பேக் அவர். பத்துப் பேர் வெறுங்காலில் ஆடினார்கள். பூட்ஸ் போட்டிருந்தவர் சட்டர்ஜி மட்டும். அந்த வெற்றியைச் சொல்கிறவர்கள் கோல் போட்ட சிப்தாஸ் பாதுரியையும் அபிலாஷ் கோஷையும் சொல்வார்கள். கடைசி நிமிடங்களில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பூட்ஸுக்கு எதிரில் கால் வைத்தவர்கள் சட்டர்ஜியும் வலது பேக் பூட்டி சுகுலும்.

வெறுங்காலோடு தடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். பந்தை வைத்திருப்பவர் விலகிப் போகலாம். தடுக்கிறவர் விலக முடியாது. மோதுகிற இடத்துக்குத்தான் அவர் போயாக வேண்டும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 2-1 என்று தோற்ற இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்கால்தான். நமக்கான ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். அந்த ஒலிம்பிக் அணியில் இருந்த திருவல்லா பாப்பன், திருவிதாங்கூரிலிருந்து போன பேக். நம் மாவட்டமும் அப்போது திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1 வரை நமக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். ஆகவே பாப்பனை நம்மவர் என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று நொறுங்கிய பிறகுதான் இந்தியா பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

இந்தியப் பின்வரிசையின் உச்சம் ஜர்னைல் சிங். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் அவர் ஸ்டாப்பர். தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலை உடைந்து தையல் போட்டார்கள். பயிற்சியாளர் ரஹீம் அவரை உட்கார வைக்காமல், முன்வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியிலும் கோல், இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிராகவும் கோல். 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது இந்தியா. முன்னால் இருந்தவர்களைப் பின்னால் இழுத்துப் பிறந்த வரிசையிலிருந்து ஒருவரை முன்னால் அனுப்பிப் பார்த்தபோது, அவருக்கு முன்வேலையும் கைவசம் இருந்தது. ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை.

ஓரத்து பேக்கின் கதை இதே காலத்தில் வேறு ஊர்களில் நடந்தது. 1958 உலகக் கோப்பையில் பிரேசிலின் இடது பேக் நில்டன் சாண்டோஸ் ஆஸ்திரியாவுக்கு எதிராக மேலேறிப் போய் ஒரு கோல் போட்டார். அறுபதுகளில் மிலானின் இன்டர் அணியில் ஜியாசிந்தோ ஃபாக்கெட்டி அதையே தொழிலாக்கினார். 1986இல் அர்ஜென்டினாவின் பிலார்டோ மூன்று பேக்கும் ஐந்து ஹாஃபுமாக அணியை அமைத்து உலகக் கோப்பையை வென்றார். ஹபாஸ் சூசைராஜை நிறுத்திய இடத்துக்கு வம்சாவளி இதுதான்.

இனி நம் கரை.

நம் மாவட்டத்துத் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு மேற்கே இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கின்றன. நீரோடி தாண்டினால் கேரளம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏவிஎம் கால்வாய். நடுவில் மெல்லிய ஒரு நாடா அளவு நிலம். அதில் கோயில், பள்ளி, வீடு எல்லாம். இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர்போனவர்கள். தூண்டில் போட்டு, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கி, குஜராத் கரை வரைக்கும் லட்சத்தீவு தாண்டியும் போய்வருகிறவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்த ஊர்களில் சாவு விழாத தெரு குறைவு.

இங்கே பந்து ஆடுகிற இடம் கடப்புறம். மணலில் பந்து உருளாது, நின்றுவிடும். அதனால் பந்தைத் தரையோடு தள்ளிவிடுகிற பழக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. காலோடு ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிவிட வேண்டும். அலை பின்வாங்கிய பிறகு ஈரத்தில் இறுகிக் கிடக்கும் மணல்தான் சரியான களம். அதற்கும் கடல்பக்கம் ஒரு சரிவு உண்டு. ஒரு விங்கில் கடல். மற்ற விங்கில் வள்ளமும் வலையும் வீட்டுச் சுவரும். ஆட்டம் நீளவாக்கில் இழுபடும், அகலத்தில் சுருங்கிவிடும். இந்தக் கரையின் ஆட்டக்காரர்கள் குறுகிய இடத்தில் ஆளை ஏய்ப்பதில் கைதேர்ந்தவர்களாக இருப்பதற்கு இதைவிடக் காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். புதைகிற மணலில் ஓடி வளர்ந்த காலுக்குப் புல்தரை சுலபம். விங்கருக்கு வேண்டிய எல்லாவற்றையும் கடப்புறம் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

பேக்குக்கு வேண்டியதை அது சொல்லிக் கொடுப்பதில்லை. பின்வரிசை என்பது தூரத்தை அளக்கிற வேலை. பக்கத்து ஆளிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது, கோடு எங்கே இருக்கிறது, மொத்த வரிசையும் எப்போது நாலடி ஏறுவது, எப்போது இறங்குவது என்பதெல்லாம் முழு அளவு மைதானத்தில்தான் வரும். சர்வதேச ஆட்டத்துக்கு நீளம் குறைந்தது 100 மீட்டர், அகலம் 64 மீட்டர் வேண்டும். 64 மீட்டர் அகல மணல் இந்தக் கரையில் வருடம் முழுக்க எங்கே கிடைக்கும்?

இதில் பருவம் வேறு குறுக்கே நிற்கிறது. மேற்குக் கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆண்கள் ஊரில் இருப்பார்கள், ஆட்டத்துக்கு ஆள் சேரும். ஆனால் ஆனியும் ஆடியும் கடல் பொங்குகிற மாதங்கள். அலை வந்து மணலை அள்ளிக்கொண்டு போகும். ஆள் இருக்கும்போது களம் இருக்காது. தென்மேற்குப் பருவம் ஓய்ந்து கடல் மணலைத் திருப்பித் தரும்போது ஆண்கள் ஆழ்கடலுக்குப் போயிருப்பார்கள். இரண்டும் கூடி வருவது கிறிஸ்துமஸை ஒட்டி. போதாக்குறைக்குக் கடலரிப்பைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டிய இடங்களில் கல்லுக்கு அந்தப்புறம் மணலே மிஞ்சுவதில்லை. வீட்டைக் காக்க அந்தச் சுவர் வேண்டியதுதான். அதோடு பிள்ளைகளின் களமும் போய்விடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்தக் கரையிலிருந்துதான் சூசைராஜ் போனார். 2016-17இல் ஐ-லீக்கில் நுழைந்த சென்னை சிட்டி அணியில் அவர் பெயர் வெளியே தெரிந்தது. சகோதரர் மைக்கேல் ரெஜினும் அதே அணியில் ஆடினார். அங்கிருந்து 2018இல் ஜாம்ஷெட்பூருக்கு, இந்தியன் சூப்பர் லீக்கின் பெரிய மேடைக்கு. 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியச் சட்டை. இவ்வளவும் முன்வரிசைக் காலால் சம்பாதித்தது.

பிறகுதான் கொல்கத்தா, ஹபாஸ், விங் பேக். வலது பக்கம் பிரபீர் தாஸ், இடது பக்கம் சூசைராஜ், நடுவில் பிரீதம் கோட்டாலும் இளைஞர் சுமித் ராதியும் உள்ள ஸ்டாப்பர் வரிசை. இந்த வேலையில் ஆட்டம் முழுக்க ஒரே கோட்டில் மேலும் கீழும் ஓட வேண்டும். மேலே போன ஓட்டத்தை எல்லாரும் பார்ப்பார்கள். திரும்பி வந்த ஓட்டத்தை, அது வராமல்போன அன்றைக்கு மட்டும் பார்ப்பார்கள். பந்து தன் காலில் இருக்கும்போது யோசிக்கப் பழகியவர், பந்து எதிரியின் காலில் இருக்கும்போது யோசிக்கப் பழக வேண்டும். அதுவும் இருபத்தைந்து வயதில். சூசைராஜ் பழகினார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளரே இல்லாத கோவா ஃபத்தோர்டா மைதானத்தில் சென்னையின் எஃப்சியை 3-1 என்று வென்று ஏடிகே மூன்றாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது. மணல்கரைக்காரர் ஒருவர் பின்வரிசை ஆளாக நாட்டின் முதல்தர லீக் கோப்பையில் பங்கு வாங்கினார். மாவட்டத்தில் இதை இன்னும் பெரிதாகக் கொண்டாடியிருக்க வேண்டும்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டம், 2020 நவம்பர் 20, பாம்போலிம். மோகன் பகானோடு இணைந்த புதிய அணி. எதிரில் கேரளா பிளாஸ்டர்ஸ். கால் மணி நேரம் முடிவதற்குள் சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்த சீசன் முழுக்க அவர் திரும்ப முடியவில்லை. முழங்கால் ஜவ்வுக் காயம் வேகத்தை நம்பி ஆடுகிறவருக்கு எவ்வளவு கொடியது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். அவர் திரும்பி வந்தார், பின்னர் ஒடிசா அணிக்கும் போனார். ஆனால் 2019-20இல் அந்த இடது ஓரத்தில் இருந்த ஓட்டம் ஒரு சீசனுக்குத்தான் வாய்த்தது.

அந்த ஒரு சீசனில் அவர் எத்தனை தடவை திரும்பி ஓடி வந்து ஆளை மறித்தார் என்பதற்கு ரசிகர் மனதில் கணக்கு இல்லை. தடுக்கிறவர்களின் உழைப்பு எங்கும் இப்படித்தான் கணக்குக்கு வெளியே போகிறது. அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பதற்கென்றே தனி அணி உண்டு. அங்கேகூட இதே கதை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் டீக்கன் ஜோன்ஸ் என்றொருவர். ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லில் பிறந்த கறுப்பினத்தவர். அமெரிக்கக் கால்பந்து லீக்கின் 1961 ஆட்டக்காரர் தேர்வில் பதினான்காம் சுற்று வரை யாரும் சீண்டாதவர். முன்தடுப்பு வரிசையின் ஓரத்தில் நின்று, பந்தை வீசப்போகிற எதிரணி ஆட்டக்காரரை வீசுவதற்கு முன்பே வீழ்த்துவது அவர் வேலை. மெர்லின் ஓல்சன், ரோஸி கிரியர், லமார் லண்டி ஆகியோரும் அவரும் சேர்ந்த நால்வர் வரிசை அறுபதுகளில் எதிரணிகளை நடுங்கவைத்தது. ஜோன்ஸ் 1974இல் ஓய்வு பெற்றார். அப்படி வீழ்த்துவதை அந்த லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல். அவர் வாழ்நாள் உழைப்பு ஏட்டிலேயே இல்லை. பழைய ஆட்டக் குறிப்புகளை ஆர்வலர்கள் வருடக்கணக்கில் தேடித் துருவினார்கள். 2021இல் புள்ளிவிவரத் தளமொன்று அதை வெளியிட்டபோது ஜோன்ஸின் கணக்கு 173.5 என்று தெரிந்தது. 2013இலேயே அவர் இறந்துவிட்டார்.

அந்தத் தேடலை நம் கரையிலும் தொடங்கலாம். எட்டு ஊர்களிலும் மன்றங்கள் இருக்கின்றன, பழைய போட்டி நோட்டீஸுகள் இருக்கின்றன, சுவரில் மாட்டிய குழுப் படங்கள் இருக்கின்றன. சந்தோஷ் டிராபிக்குத் தமிழ்நாட்டுச் சட்டை போட்டவர்களும் ஆடி ஓய்ந்த பெரியவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மன்றத்துப் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். எந்த வருடம், எந்தக் கோப்பை, யார் எந்த இடத்தில் ஆடினார் என்று எழுதி வாங்குங்கள். கோல் போட்டவர் பெயர் கேட்காமலே வந்துவிடும். இடது பேக் யார், வலது பேக் யார், ஸ்டாப்பர் யார் என்று கட்டாயம் கேளுங்கள். ஊராட்சிக்கும் பங்குப் பேரவைக்கும் மனு எழுதும்போது, கால்வாய்க்கு அந்தப் பக்கமாவது முழு அகலத்தில் ஒரு மைதானம் வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.